மொபைல் நெட்வொர்க் வேகமான டேட்டாவுக்கு மாறும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க்கை மேம்படுத்தப் போகிறோம் என்று மொபைல் நிறுவனம் அறிவித்ததுமே ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். சிம் மாற்ற வேண்டுமா, போன் மாற்ற வேண்டுமா, பழைய போனில் பேச முடியுமா, டவர் பக்கத்தில் இருந்தும் ஏன் இழுக்கவில்லை. விளம்பரத்தில் இவற்றுக்குப் பதில் இருக்காது. கடைக்காரரும் போன் விற்கிற அளவுக்குத்தான் சொல்வார். அதனால் அந்தக் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்து, முடிந்தவரை முழுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன். 3ஜியிலிருந்து 4ஜிக்குப் போனாலும் சரி, 4ஜியிலிருந்து 5ஜிக்குப் போனாலும் சரி, பெரும்பாலான விஷயங்கள் ஒன்றுதான்.

மேம்படுத்துகிறோம் என்கிறார்கள். உண்மையில் எதை மாற்றுகிறார்கள்?

டவர் என்று நாம் சொல்கிற இரும்புச் சட்டத்தை அநேகமாகத் தொடுவதில்லை. அதன் உச்சியில் உள்ள ஆன்டெனா, அதற்குப் பின்னால் பெட்டி போலத் தொங்கும் ரேடியோ யூனிட், டேட்டாவை சிக்னலாகவும் சிக்னலை டேட்டாவாகவும் மாற்றும், கீழே அலமாரியில் உள்ள பேஸ்பேண்ட் கருவி ஆகிய மூன்றும்தான் மாறுகின்றன. ஒரு டவரில் பொதுவாக மூன்று திசைகளைப் பார்த்து மூன்று செக்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆன்டெனா.

நிறைய சிறு ஆன்டெனாக்களைக் கொண்ட 5ஜிக்கான மாசிவ் மிமோ பேனல்களில் ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே உடலாக இருக்கும். பலவற்றின் எடை 20 கிலோவைத் தாண்டும். ஏற்கெனவே பாரம் சுமக்கும் பழைய டவர் இந்தக் கூடுதல் எடையையும் காற்றழுத்தத்தையும் தாங்குமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரமும் கூடுதலாக வேண்டும். கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயரும் பேட்டரியும் போதாவிட்டால் அவற்றையும் பெரிதாக்க வேண்டும். 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கிறது. பக்கத்து டவர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் கடிகாரங்கள் 3 மைக்ரோசெகண்டுக்கு மேல் விலகக் கூடாது. அதனால் பல இடங்களில் டவரின் அலமாரிக்கு மேலே காளான் வடிவில் ஒரு சிறிய ஜிபிஎஸ் ஆன்டெனா புதிதாக முளைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலை இரண்டு. ஒன்று, டவரிலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் போகும் இணைப்பு. அதை பேக்ஹால் என்பார்கள். இன்னொன்று, அழைப்புகளையும் டேட்டாவையும் கட்டுப்படுத்தும் கோர் நெட்வொர்க். வாசல் குழாயை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் தெருவுக்கு அடியில் வரும் குழாய் பழையதாக இருந்தால் வாளி நிறைய அதே நேரம்தான் ஆகும். பேக்ஹாலின் கதையும் அதுதான். சில நூறு மெகாபிட் மட்டுமே தாங்கும் பழைய மைக்ரோவேவ் இணைப்பு உள்ள டவரில், செக்டருக்கு ஒரு கிகாபிட் கொடுக்கக்கூடிய ரேடியோவைப் பொருத்தினால் பயன் பாதிகூட வெளியே தெரியாது. ஒரு நிறுவனம் எத்தனை டவரில் 5ஜி வைத்தது என்பதைவிட எத்தனை டவருக்கு ஃபைபர் இழுத்தது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

வேகம் எதனால் கூடுகிறது? புது தலைமுறை என்றால் புதுவகை அலையா?

அலை அதே ரேடியோ அலைதான். வேகம் கூடுவதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பயன்படுத்தும் அலைக்கற்றையின் அகலம். 2ஜியின் ஜிஎஸ்எம் ஒரு கேரியருக்கு, அதாவது டேட்டாவைச் சுமக்கும் ஒரு அலைத்துண்டுக்கு, 200 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொண்டது. 3ஜி 5 மெகாஹெர்ட்ஸ். 4ஜி ஒரு கேரியரில் 20 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். 5ஜி, 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலைவரிசைகளில் 100 மெகாஹெர்ட்ஸ் வரையும், மில்லிமீட்டர் அலைகளில் 400 மெகாஹெர்ட்ஸ் வரையும் ஒரே கேரியராக எடுத்துக்கொள்ளும். 5ஜியின் பெரும் வேகத்தில் பெரும்பங்கு இந்த அகலத்திலிருந்து வருவது. ஒரு நிறுவனத்திடம் 20 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கிறது என்றால், அதில் 5ஜி ஓட்டினாலும் நல்ல 4ஜியைவிட ஓரளவுதான் கூடும்.

இரண்டாவது, ஒரு குறியீட்டுக்குள் எத்தனை பிட்டுகளை அடைக்கிறோம் என்பது. சிக்னல் மோசமாக இருக்கும்போது க்யூபிஎஸ்கே முறையில் 2 பிட். கொஞ்சம் தேறினால் 16 க்யூஏஎம் முறையில் 4 பிட். நன்றாக இருந்தால் 64 க்யூஏஎம் முறையில் 6. மிகத் தெளிவாக இருந்தால் 256 க்யூஏஎம் முறையில் 8. ஒரு நொடிக்குள் பல நூறு முறை போனும் டவரும் இதைப் பேசி மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே நகர்ந்தால் வேகம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது மிமோ. ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், பல ஆன்டெனாக்கள் வழியாகத் தனித்தனி ஓடைகளாக டேட்டாவை அனுப்புவது.

இந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்தன என்பதற்கு எண்கள்: 3ஜி தொடக்கத்தில் நொடிக்கு 384 கிலோபிட். எச்எஸ்டிபிஏ வந்தபின் ஏட்டளவில் 14.4 மெகாபிட், எச்எஸ்பிஏ பிளஸ் காலத்தில் 21, பிறகு 42. 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனா உள்ள 4ஜியில் 150 மெகாபிட். பல கேரியர்களைச் சேர்த்துக் கட்டும் கேரியர் அக்ரிகேஷன் வந்ததும் பல நூறு மெகாபிட். வணிகரீதியில் 3ஜியை ஜப்பானின் என்டிடி டோகோமோ 2001 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. 4ஜி எல்டிஇ 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் டெலியாசோனெராவால் வந்தது. போன்களுக்கான 5ஜி 2019 ஏப்ரலில் தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும். பத்தாண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் சொன்ன வேகம் எனக்கு வரவே இல்லையே?

விளம்பர எண் என்பது ஒரு செக்டரில் ஒரே ஒரு போன், டவருக்கு நேர் எதிரே, இடையூறே இல்லாமல் இருந்தால் கிடைக்கும் உச்சம். அந்தச் செக்டரின் மொத்தத் திறனை அங்கே இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மாலையில் எல்லோரும் வீடியோ பார்க்கும்போது உங்கள் பங்கு சுருங்கும், அதிகாலையில் விரியும்.

செக்டரின் ஓரத்தில் இருப்பவர் தன் வேகத்தை மட்டும் இழப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே வீடியோவை அனுப்ப அவருக்கு இரண்டு மூன்று மடங்கு ரேடியோ நேரம் தேவைப்படுகிறது, மற்றவர்களின் பங்கும் குறைகிறது. ஆகவே சிக்னல் மோசமான மூலைகளைச் சரிசெய்வது அங்கே இருப்பவர்களுக்கான சலுகை அல்ல. எல்லோருக்குமான முதலீடு அது.

பிட்டா பைட்டா என்ற குழப்பமும் உண்டு. 100 மெகாபிட் வேகத்தில், டவுன்லோடு பெட்டியில் தெரிவது நொடிக்கு 12.5 மெகாபைட்தான். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் கோடுகள் முழுக்க இருக்கின்றன. ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. எப்படி?

மிக அதிகமாக வரும் கேள்வி இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மேலே தெரியும் கோடுகள் ஒரு போன் கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் ஒரே அளவுகோல் அல்ல. அவை சொல்வது பெரும்பாலும் சிக்னலின் பலத்தை மட்டும். தரத்தைச் சொல்வதில்லை. உண்மையான எண்களைப் பார்க்க, ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பக்கத்தில் சிக்னல் பலம் டிபிஎம் அளவில் இருக்கும். இன்னும் விவரமாகக் காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. அவற்றில் இரண்டு எண்களைத் தேடுங்கள்.

ஒன்று ஆர்எஸ்ஆர்பி, டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பது. இது மைனஸில்தான் வரும். மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் பரவாயில்லை, மைனஸ் 115 என்றால் தத்தளிக்கிறது. இன்னொன்று எஸ்ஐஎன்ஆர். உங்களுக்கு வரவேண்டிய சிக்னல், பக்கத்து டவர்களின் இரைச்சலைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பது. 20 டெசிபெல் இருந்தால் 256 க்யூஏஎம்மே எட்டும். 0க்கு அருகே வந்தால் க்யூபிஎஸ்கேதான்.

இப்போது ஒரு உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலா பக்கமும் டவர்கள் தெரிகின்றன. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 78, கோடுகள் முழுசு. ஆனால் நான்கைந்து டவர்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில் அதே அலைவரிசையில் கத்துவதால் எஸ்ஐஎன்ஆர் 1 அல்லது 2. பக்கம் திறக்காது. அதே ஆள் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தால் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 98 ஆகக் குறைகிறது, இரண்டு கோடுதான், ஆனால் ஒரே ஒரு டவர் மட்டும் தெளிவாகக் கேட்பதால் எஸ்ஐஎன்ஆர் 15. வீடியோ தடையில்லாமல் ஓடும். கோடுகளை நம்பி மாடிக்கு ஏறுகிறவர்கள் பலர் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இரண்டு எண்களும் நன்றாக இருந்தும் நகரவில்லை என்றால், கூட்ட நெரிசல் அல்லது பேக்ஹால் என்று சந்தேகப்படலாம். நாளின் நேரத்தைப் பொறுத்து மாறினால் நெரிசல் என்று கொள்ளலாம். நடு இரவிலும் ஒரு குறிப்பிட்ட எண்ணிலேயே முட்டி நின்றால் பேக்ஹாலைப் பற்றிப் புகார் கொடுங்கள். உங்கள் பிளானிலேயே வேக வரம்பு இருக்கிறதா, அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்பதையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

போனில் 5ஜி என்று தெரிகிறது, வேகம் பழைய மாதிரியே இருக்கிறது.

5ஜி இரண்டு விதமாக அமைக்கப்படுகிறது. தனித்து இயங்குவது ஒன்று, 4ஜியின் தோளில் ஏறி நிற்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் போனைக் கட்டுப்படுத்துவது 4ஜி. டேட்டா தேவைப்படும்போது மட்டும் 5ஜி ரேடியோ சேர்ந்துகொள்ளும். பல போன்களில், 5ஜியை ஆதரிக்கும் 4ஜி செல்லில், அதாவது ஒரு செக்டர் சேவை தரும் பகுதியில், நின்றாலே 5ஜி அடையாளம் வந்துவிடும். அந்த நொடியில் 5ஜி ரேடியோவில் ஒரு பிட்கூட ஓடாமல் இருக்கலாம்.

இன்னொரு காரணம், டைனமிக் ஸ்பெக்ட்ரம் ஷேரிங். ஒரே குறுகிய அலைக்கற்றையை 4ஜியும் 5ஜியும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பரப்பளவைச் சீக்கிரம் காட்ட உதவும், வேகத்துக்கு உதவாது. வரைபடம் முழுக்க 5ஜி வண்ணம் பூசப்பட்டிருந்தால், அதில் எவ்வளவு இந்த வகை என்று கேட்பது நியாயமான கேள்வி.

லேட்டன்சி, அதாவது டேட்டா போய்வரும் தாமதம், ஒரு மில்லிசெகண்ட் என்றார்களே?

அது மிகக் குறிப்பிட்ட பயன்பாடுகளுக்காக, போனுக்கும் டவருக்கும் இடையிலான ரேடியோ பகுதிக்கு மட்டும் வைத்த இலக்கு. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். சர்வர் 1000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே 10 மில்லிசெகண்ட். ஆனாலும் 2ஜியில் பல நூறு மில்லிசெகண்ட் காத்திருந்த இடத்தில் 4ஜி சில பத்துகளுக்கு வந்ததே பெரிய மாற்றம். வெறும் மெகாபிட்டைவிட இதைத்தான் கை விரல் உணர்கிறது.

புது போன் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். 4ஜி போன் 5ஜி நெட்வொர்க்கிலும் 4ஜியில் வேலை செய்துகொண்டே இருக்கும். 5ஜிக்குப் போகிறவர்கள் போகப்போக 4ஜியில் நெரிசல் குறைந்து உங்களுக்கும் கொஞ்சம் நன்மை உண்டு.

வாங்குவதாக இருந்தால் பெட்டியில் 5ஜி என்று போட்டிருப்பது மட்டும் போதாது. உங்கள் நிறுவனம் எந்த பேண்ட் (அலைவரிசைப் பகுதி) எண்களில் சேவை தருகிறது என்று கேட்டு, போனின் விவரப் பட்டியலில் அதே எண்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த போன்களில் ஒன்றிரண்டு பேண்ட் இல்லாமல் போவது சாதாரணம். அப்படி இல்லாமல் போவது 700 அல்லது 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பேண்டாக இருந்தால், வெளியில் வேகமும் வீட்டுக்குள் சேவையே இல்லாத நிலையும் வரும்.

சிம் மாற்ற வேண்டுமா?

2ஜி காலத்துப் பழைய சிம் என்றால், ஆம். அந்த வகை சிம்மை 4ஜி ஏற்காது. யூசிம் என்ற புதிய வகை வேண்டும். ஏற்கெனவே 4ஜியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதே சிம் 5ஜிக்கும் போதும். மாற்றுவதற்கு முன், பழைய சிம்மிலேயே சேமித்து வைத்திருக்கும் தொடர்பு எண்களை போனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களின் சிம்மில்தான் இது அதிகம் இருக்கும்; மாற்றிக்கொடுக்கிற பிள்ளைகள் இதை மறந்துவிடக் கூடாது.

5ஜிக்கு மாற்றித் தருகிறோம், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்று போன் வருகிறது.

துண்டித்துவிடுங்கள். நெட்வொர்க் மேம்பாட்டுக்கு உங்களிடமிருந்து எந்த ஓடிபியும் போனில் கேட்கத் தேவையில்லை. உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொண்டு வங்கிக் கணக்கில் கைவைப்பதற்கான வழி இது. மேம்பாடு நடக்கும் மாதங்களில் இப்படிப்பட்ட அழைப்புகளை நம்ப வைப்பது எளிது. போனில் திடீரென்று, மற்றவர்களுக்கு இருக்க உங்களுக்கு மட்டும், நெடுநேரம் சிக்னல் இல்லாமல் போனால் உடனே வேறு எண்ணிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிடுங்கள்.

பேசுவது என்ன ஆகும்? என் போனில் இன்டர்நெட் வருகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை.

4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டது. பேசுவதற்கு வோல்டிஇ என்ற தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லாத போன், அழைப்பு வந்ததும் 4ஜியை விட்டு இறங்கி 3ஜி அல்லது 2ஜிக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பும். அழைப்பு இணைய சில நொடி கூடுதலாக ஆவதும், பேசும்போது இன்டர்நெட் மந்தமாவதும் இதனால்தான்.

பழைய நெட்வொர்க் மூடப்பட்டால் இறங்குவதற்கு இடமில்லை. டேட்டா வரும், பேச்சு வராது. அமைப்புகளில் வோல்டிஇ என்ற பொத்தானைத் தேடி இயக்கிப் பாருங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள். சில போன்களில் வோல்டிஇ இருந்தும் உங்கள் நிறுவனத்தின் அமைப்பு அதில் ஏற்றப்பட்டிருக்காது. அப்போது நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

வோல்டிஇ வேலை செய்தால் குரலும் தெளிவாகும். பழைய அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. வோல்டிஇயில் குரலை டிஜிட்டலாகச் சுருக்கும் அகலமான கோடெக் 50 முதல் 7000 வரை கடத்துகிறது. காது மந்தமானவர்களுக்கு இது வேக அதிகரிப்பைவிடப் பெரிய வரம்.

அவசர அழைப்பு?

இதைத் தனிக் கேள்வியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. சில போன்கள் சாதாரண அழைப்புக்கு வோல்டிஇ பயன்படுத்தும், அவசர எண்ணுக்கு மட்டும் 3ஜியைத் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. தினமும் நன்றாகப் பேசுகிறவருக்குத் தன் போன் ஆபத்து நேரத்தில் வேலை செய்யாது என்று தெரிய வழியே இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்தச் சிக்கல் வெளிப்பட்டதால் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ஆகிய நிறுவனங்கள் 3ஜி மூடுவது தள்ளிப்போய், 2024 அக்டோபர் 28 அன்றுதான் தொடங்கியது. அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கில் சேர்க்கவே கூடாது என்று அங்கே விதியும் வந்தது.

சோதித்துப் பார்க்க அவசர எண்ணை அழைக்காதீர்கள். உங்கள் போன் மாடலைச் சொல்லி, அவசர அழைப்பு 4ஜி வழியாகப் போகுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரின் போனுக்கு இதை முதலில் செய்யுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற 2ஜி, 3ஜியை ஏன் மூடுகிறார்கள்?

அலைக்கற்றை குறைவாகத்தான் இருக்கிறது. ஒரே அளவு அலைக்கற்றையில் 3ஜி தருவதைவிட 4ஜி அதிகம் தரும். 900 மெகாஹெர்ட்ஸ் போல, சுவரைத் துளைத்து நெடுந்தூரம் போகும் அலைவரிசையில் சிலரே பயன்படுத்தும் பழைய சேவையை வைத்திருப்பது, பலரின் வீட்டுக்குள் வேகமான சேவை வராமல் தடுக்கிறது. இந்த இடமாற்றத்தை ரீஃபார்மிங் என்பார்கள். பழைய கருவிகளுக்கு உதிரிப் பாகமும் மின்செலவும் இன்னொரு காரணம். அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022ல் தங்கள் 3ஜியை மூடின.

பல நாடுகளில் 3ஜி முதலில் போய் 2ஜி பின்னும் சில காலம் நீடிப்பதைப் பார்த்து வியப்பு வரலாம். 2ஜிக்குக் குறைந்த அலைக்கற்றை போதும், சாதாரண பட்டன் போன்களும் ஏராளமான கருவிகளும் அதை நம்பி இருக்கின்றன.

மூடுவது தொழில்நுட்ப ரீதியில் சரியான முடிவுதான். ஆனால் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு மூடுவது சரியல்ல. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்க முடியாதவர்களிடம்தான் பழைய போன்கள் அதிகம் இருக்கின்றன. எந்தெந்த எண்கள் இன்னும் பழைய நெட்வொர்க்கில் பதிவாகின்றன என்பது நிறுவனத்துக்குத் துல்லியமாகத் தெரியும். கடைசியாக இருப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி, மாற்று போன் கிடைக்கச் செய்த பிறகு மூட வேண்டும்.

போன் தவிர வேறு எதை எல்லாம் பார்க்க வேண்டும்?

சிம் போட்ட எதுவும். லிஃப்டுக்குள் இருக்கும் அவசர அழைப்புப் பொத்தான், திருட்டு அலாரம், வாகன ஜிபிஎஸ் டிராக்கர், கார்டு தேய்க்கும் இயந்திரம், ஸ்மார்ட் மீட்டர், மோட்டார் பம்பை தூரத்திலிருந்து இயக்கும் கருவி. இவற்றில் பல 2ஜி அல்லது 3ஜி மோடத்தோடு வந்தவை. லிஃப்ட் மாட்டியவரையும் அலாரம் போட்டவரையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மூடும் மாதத்தில் கேட்டால் ஆளும் கிடைக்காது, மோடமும் கிடைக்காது.

வேலை நடக்கும்போது சேவை நிற்குமா?

ஒவ்வொரு டவருக்கும் சில மணி நேரம் நிற்கலாம். அதனால்தான் கருவி மாற்றும் வேலையை நள்ளிரவுக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். ஒரு செக்டரை அணைத்து, ஆன்டெனாவை இறக்கி, புதியதை ஏற்றி, திசையும் சாய்வும் வரைபடப்படி இருக்கிறதா என்று பார்த்து, கேபிளை இணைத்து, கீழே அலாரம் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த செக்டருக்குப் போவார்கள். அப்புறம் காரில் போன்களை வைத்துக்கொண்டு சுற்றிவந்து அளப்பார்கள். இரண்டு செக்டரின் கேபிள்கள் இடம் மாறிப் போனால் அந்தச் சுற்றில்தான் பிடிபடும்.

முதல் சில வாரங்கள் அழைப்பு அறுபடுவது கொஞ்சம் கூடும். டவருக்கு டவர் போனைக் கைமாற்ற, எந்த டவர் யாருக்குப் பக்கம் என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும். அது பழகிச் சீராக நாளாகும். ஃபிளைட் மோடைப் போட்டு எடுத்தால் சில சமயம் போன் சரியான செல்லைப் பிடித்துக்கொள்ளும்.

மேம்படுத்திய பிறகு எங்கள் வீட்டில் சிக்னல் குறைந்துவிட்டது!

இது நடக்கக்கூடியதே. உங்களை மிகைப்படுத்துகிறவர் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. புதிய ஆன்டெனாவின் சாய்வு ஓரிரு டிகிரி மாறினாலே ஓரத்து வீடுகள் விடுபடும். பழைய 3ஜி தாழ்ந்த அலைவரிசையில் ஓடிய இடத்தில் 4ஜி 1800 அல்லது 2300 மெகாஹெர்ட்ஸில் மட்டும் வந்தால், வெளியே வேகம் கூடி உள்ளே சேவை குறையும்.

புகார் கொடுங்கள், ஆனால் சிக்னல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியை வைத்து எந்த இன்ஜினியராலும் எதையும் தேட முடியாது. முகவரி, எந்த மாடி, எந்த அறை, வெளியே வந்தால் சரியாகிறதா, எந்தத் தேதியிலிருந்து, எந்த நேரத்தில், போன் மாடல், அந்த இடத்தில் தெரிந்த ஆர்எஸ்ஆர்பியும் எஸ்ஐஎன்ஆரும், முடிந்தால் செயலி காட்டும் செல் எண். இவ்வளவும் இருந்தால் சாய்வை மாற்றினால் போதுமா, வேறு கோளாறா என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். இப்போதைய பல ஆன்டெனாக்களின் சாய்வை டவரில் ஏறாமலே தூரத்திலிருந்து மாற்ற முடியும். பக்கத்து வீடுகளுக்கும் அதே பிரச்சினை என்றால் அவர்களும் தனித்தனியாகப் புகார் எண் வாங்கட்டும். ஒரே செல்லுக்கு எதிராகப் பல புகார்கள் குவிந்தால் அது தானாகவே மேலே போகும்.

வெளியே 5ஜி, வீட்டுக்குள் 4ஜி. ஏன்?

அலைவரிசை உயர உயர சுவரும் கண்ணாடியும் அதிகமாக விழுங்கும். 700 மெகாஹெர்ட்ஸ் உள்ளே வரும். 3.5 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவரிலேயே களைத்துப்போகும். 26, 28 கிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலைகளை ஒரு கை மறைத்தாலும் தடுமாறும். வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி போட்ட கட்டடங்கள் இன்னும் மோசம். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை இயக்கிவிடுங்கள், பேச்சுக்குக் கவலையில்லை.

டேட்டா சீக்கிரம் தீர்ந்துபோகிறதே?

வீடியோ செயலிகள் வேகத்தைப் பார்த்துத் தரத்தைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். அதே ஒரு மணி நேரம் பார்த்தாலும் டேட்டா சில மடங்கு போகும். செயலிக்குள்ளேயே மொபைல் டேட்டாவுக்கான தரத்தைக் குறைத்து வையுங்கள்.

பேட்டரியும் முதலில் கூடுதலாகப் போகலாம், குறிப்பாக 5ஜி விளிம்பில் போன் மேலும் கீழும் தாவிக்கொண்டிருக்கும் இடங்களில். அங்கே மட்டும் 4ஜிக்கு மாற்றி வைத்தால் போதும்.

கதிர்வீச்சு ஆபத்தில்லையா?

பயப்படுகிறவர்களை எள்ளி நகையாடுவது எனக்குப் பிடிக்காது. கேட்க வேண்டிய கேள்விதான். ரேடியோ அலை அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்க்கும் அளவு ஆற்றல் கொண்டதல்ல. எக்ஸ்ரே போன்றதும் அல்ல. அதன் உறுதியான விளைவு திசுவைச் சற்றே சூடாக்குவது. அந்த அளவுக்கு மிகக் கீழே நிற்கும்படி ஐசிஎன்ஐஆர்பி என்ற பன்னாட்டு ஆணையம் 1998ல் வரம்புகளை வகுத்தது. 2020ல் 5ஜி அலைவரிசைகளையும் கணக்கில் கொண்டு புதுப்பித்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011ல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது குறைந்த ஆதாரத்தோடு கூடிய சாத்தியம் என்ற பிரிவில் வைத்தது. ஆய்வு தொடர்கிறது என்பதே அதன் பொருள். ஆபத்து நிரூபணமானது என்பதல்ல. 2020ல் 5ஜியையும் கொரோனாவையும் முடிச்சுப்போட்ட வதந்தியால் பிரிட்டனில் டவர்கள் கொளுத்தப்பட்டன. அதில் உண்மை எதுவுமே இல்லை.

நடைமுறையில் உங்கள் உடம்புக்கு அருகே இருப்பது டவர் அல்ல, போன். சிக்னல் மோசமாக இருக்கும்போதுதான் போன் அதிக சக்தியில் அனுப்பும். பக்கத்தில் டவர் வந்தால் போன் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கவலை இருப்பவர்கள் இயர்போனில் பேசலாம். உங்கள் வீட்டருகே அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்து காட்டும்படி நிறுவனத்தையோ ஒழுங்குமுறை அமைப்பையோ கேட்கவும் தயங்க வேண்டாம்.

எங்கள் பகுதிக்கு எப்போது வரும்?

நெரிசல் அதிகமுள்ள, ஃபைபர் ஏற்கெனவே இருக்கும் இடங்கள் முதலில். வருமானக் கணக்கு அப்படித்தான் போகிறது. தாழ்ந்த அலைவரிசையில் ஒரே ஒரு 4ஜி கேரியர் வைத்தாலே பெரும் மாற்றம் வரும் ஒதுக்குப்புறப் பகுதிகள் கடைசியில் நிற்கின்றன. நல்ல 4ஜி உள்ள இடத்துக்கு 5ஜி கொண்டுவருவது வசதி. ஒன்றுமில்லாத இடத்துக்கு 4ஜி கொண்டுவருவது தேவை. அலைக்கற்றை உரிமத்தில் பரப்பளவுக் கட்டாயம் வைப்பது இதற்காகத்தான். உங்கள் பகுதிக்கு அந்தக் கட்டாயத்தின் கெடு எப்போது என்று ஒழுங்குமுறை அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் விளம்பரத் தேதியைவிட அதற்குப் பலம் அதிகம்.

மேம்பாடு உண்மையில் நடந்ததா என்று நானே எப்படி அளப்பது?

வைஃபையை அணைத்துவிடுங்கள். வேலை தொடங்கும் முன்பே காலை, மாலை, இரவு என்று ஒரே இடத்தில், ஒரே போனில், ஒரே சோதனைச் செயலியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டவுன்லோடு மட்டும் பார்க்காமல் அப்லோடையும் லேட்டன்சியையும் எழுதுங்கள். வீடியோ அழைப்பில் எதிராளிக்கு உங்கள் முகம் உறைந்து நிற்பது அநேகமாக அப்லோடு கோளாறு. சோதனை ஓடும்போதே லேட்டன்சி எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் செயலி கிடைத்தால் இன்னும் நல்லது. சும்மா இருக்கும்போது 35 மில்லிசெகண்ட் இருப்பது டவுன்லோடு ஓடும்போது 400 ஆனால், வேக எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உபயோகிக்க எரிச்சலாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்து சில வாரம் கழித்து அதே இடத்தில் திரும்ப அளங்கள். மாலை நேரத்து எண்ணை மாலை நேரத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.